வலப்பக்கம் கூவிய சிசில்

பன்றியைக் கொண்டுவந்து கட்டிவிட்டுத்தான் லித்துக்கிடம் விசாரிக்கவே வந்தார்கள். அதுதான் அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டரை வெளியே தள்ளுகிறாள், வாசல் பாக்கு மரத்தில் ஒரு கறுப்புப் பன்றி கட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் அவள் கணவனின் அண்ணன் தெய்மு. அவனுக்குப் பின்னால் வாயில் பாக்கை அதக்கிக்கொண்டு பெரியவர் மசாவ். மசாவ் ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் மூப்பர், மற்ற நாளில் பன்றி அறுக்கிற சடங்குக்கும் மூப்பர். இரண்டையும் ஒரே சட்டையில் செய்வார்.

விஷயம் இதுதான். லித்துக்கின் கணவன் கராவ் அண்ணனோடு வேட்டைக்குப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து, இடுப்பையும் தொடையெலும்பையும் நொறுக்கிக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். காய்ச்சல் விடவில்லை. புயல் மழையில் ஊறிய பாறையில் ரப்பர் பூட்ஸோடு ஓடினால் யார்தான் விழமாட்டார்கள். ஆனால் இந்தத் தீவின் மலைகளில் வாழும் த்ருக்கு ஜனங்களிடம் இப்படி ஒன்று நடந்தால் டாக்டரைக் கேட்கிற கேள்வி வேறு, வீட்டில் கேட்கிற கேள்வி வேறு. முறை மீறியது யார்? காட்டுக்குப் போன ஆண் ஒழுங்காகப் போயிருந்தான் என்றால், வீட்டில் இருந்த பெண் ஒழுங்காக இருக்கவில்லை என்று அர்த்தம். அவள் அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பன்றியின் ரத்தம் மண்ணில் விழுந்து, இறைச்சியைச் சொந்தபந்தம் எல்லாம் பங்கு போட்டு வாங்கிக்கொண்டால் முன்னோர் கோபம் தணியும், எலும்பு கூடும்.

ஆண் ஒழுங்காகப் போனானா என்று சொல்லவேண்டியது சிசில்.

சிசில் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற சிலம்பன் ஜாதிக் குருவி. சாம்பல் கன்னம், தவிட்டு நிற முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அதற்குத் தனியாக இருக்கத் தெரியாது. பத்து இருபது சேர்ந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டு போகிறவர்களைப் போலப் புதருக்குள் சலசலத்துக்கொண்டே போகும். ஆதியில் ஒரு பெரும்பாறையை நகர்த்துவதற்குப் பறவைகளுக்குள் போட்டி நடந்ததாம். காக்கை தோற்றது, கழுகு தோற்றது, இந்தப் பொடிசுகள் கூட்டமாய் வந்து தூக்கிவிட்டன. அன்றிலிருந்து மனிதன் காட்டுக்குள் போகலாமா கூடாதா என்று சொல்கிற உரிமை இவற்றுக்குத்தான். ஓடைக்கு மேலே மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வேட்டைக்காரன் நின்று காது கொடுக்க வேண்டும். வலப்பக்கம் நிதானமாகக் கூவினால் போகலாம். பதறிக் கத்தினாலோ, பாதையைக் குறுக்கே வெட்டிப் பறந்தாலோ திரும்பிவிட வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் கேட்கும்வரை உட்கார வேண்டும். கேட்கவே இல்லையென்றால் அன்றைக்கு வேட்டை இல்லை.

"வலப்பக்கம் கூவுச்சு," என்றான் தெய்மு. "நான் கேட்டேன், தம்பியும் கேட்டான். காட்டுல ஒரு தப்பும் இல்ல. அப்ப வீட்டுலதான்."

பிறகு மெல்ல மெல்ல வேன் கதைக்கு வந்தான். லித்துக் வெந்நீரூற்று விடுதி ஒன்றில் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். அவள் ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்த வாரம், விடுதிக்குக் காய்கறி கொண்டுவருகிற வேன்காரர் போகிற வழியில் அவளை இறக்கிவிட்டார். அதைத் தெய்முவின் பெண்டாட்டி கூமு பார்த்திருக்கிறாள். லித்துக் சிரித்துக்கொண்டே இறங்கினாளாம். சிரித்தது உண்மைதான். நாள் முழுக்க மீன் செதில் சுரண்டிய பெண்ணுக்கு, நடக்காமல் வீட்டு வாசலில் வந்து இறங்கினால் சிரிப்பு வராதா? இதையெல்லாம் அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் ஒரு பொறுமை வந்தது. அந்தப் பொறுமையைப் பார்த்ததும் அவளுக்கு அடுப்புக் கட்டையை எடுத்து இரண்டு பேரையும் சாத்தலாம் போல இருந்தது.

"ஒரு வார்த்தைதானம்மா," என்றார் மசாவ். "சொல்லிட்டா கழுவிட்டுப் போயிடும். பன்றி கூடத் தெய்முவோடதுதான்."

"செய்யாததை எப்படிக் கழுவுறது பெரியவரே?"

அவர் பாக்குச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, ஞாயிறு சபை முடிந்ததும் சடங்கு என்று மட்டும் சொன்னார்.

கழுவிட்டுப் போகுமாம். மேட்டு வீட்டு ரபாய் கதை லித்துக்குக்குத் தெரியாதா? மாமியார் நோயில் கிடந்தபோது, வீட்டுச் சண்டை ஓயட்டும் என்று ரபாய் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொன்னாள். மாமியாரும் பிழைத்தாள். இன்று ரபாய்க்குத் தலை நரைத்துவிட்டது. இன்னமும் தினைக்கள் இரண்டு கிண்ணம் உள்ளே போனால் எந்தப் பயலும் அவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வான், அவள் தலையைக் குனிந்துகொள்வாள். ரத்தத்தின் முன்னால் சொன்ன வார்த்தையை முன்னோரே வந்தாலும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. சொல்லாமல் இருந்தாலோ, கராவ் நொண்டியானால் அதுவும் இவள் தலையில்தான் விழும். இரண்டு பக்கமும் இடி, மத்தளம் எந்தப் பக்கம் நகரும்?

இதற்கிடையில் பன்றி பசிக்குக் கத்தியது. கட்டிவிட்டுப் போனவர்கள் தீனி கொடுக்க வரவில்லை. தன் மானத்தை வாங்க வந்த பன்றிக்குத் தானே வள்ளிக்கிழங்கு வேகவைத்துப் போட வேண்டிய தலையெழுத்து. போட்டாள். அதன்மேல் என்ன கோபம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கராவின் கால் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தது. அவனுக்கு முகம் துடைத்து, கஞ்சி புகட்டி, நகம் வெட்டிவிட்டாள். எல்லாம் முடிந்தபிறகு, அன்றைக்கு சிசில் கூவியதா என்று கேட்டாள்.

"அண்ணன்தான் சொன்னானே," என்றான் கராவ்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்." இதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வெட்டிய நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "லித்துக், நீ எதுவும் செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்லிடு. ஒரு வார்த்தைதான, என்ன குறைஞ்சிடப் போவுது?"

அவள் கையை உருவிக்கொண்டாள். பேசினால் அந்த வார்டில் இருந்த அத்தனை நோயாளிகளும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கஞ்சிப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெரியுமாம். தெரிந்துகொண்டே சொல்லச் சொல்கிறான். படிக்கட்டில் இறங்கும்போதும் அழுகை வரவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் என்ன தோன்றியதோ, ஸ்கூட்டரை மலைப்பாதைப் பக்கம் திருப்பினாள். சிசில் பேசுகிற இடத்தைப் பார்த்து அவளுக்கு நெடுநாள் ஆகியிருந்தது. சின்ன வயதில் அங்கே மூங்கில் குருத்து ஒடிக்கப் போவாள். மூங்கிலும் நாணலும் பின்னிக்கொண்டு ஒரு கை நுழைய இடமிருக்காது. உள்ளே சிசில்கள் ஓயாது பேசிக்கொண்டே இருக்கும்.

இப்போது அங்கே இஞ்சி நட்டிருந்தது. சரிவு முழுக்க மொட்டையடித்து, வரிசை வரிசையாக இஞ்சி. வரப்பில் ஒரு புல் இல்லை. களைக்கொல்லி பட்ட இடமெல்லாம் தீய்ந்த சோறு நிறத்தில் கிடந்தது. ஓரத்தில் நீல டிரம், அதன்மேல் முதுகில் மாட்டுகிற மருந்துத் தெளிப்பான், அதன் வாரில் கட்டிய சிவப்புத் துணி. அந்தத் துணி யாருடையது என்று ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். தெய்மு நிலம் வாங்கினதும், இஞ்சி போட்டதும் அவளுக்குத் தெரியும். இந்தச் சரிவில்தான் என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

அவள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். எங்கோ கீழே ஓடையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு கொண்டைக்குருவி கூவியது. சிசில் ஒன்றுகூட இல்லை. புதர் இல்லாத இடத்தில் அது எதற்கு வரும்? ஒளிந்துகொள்ள இலை வேண்டும், தின்னப் புழு வேண்டும். அந்தச் சரிவில் இரண்டையும் தெய்மு மிச்சம் வைக்கவில்லை.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினாள். சாம்பல் கன்னம் உள்ள இந்தக் குருவிகளையும், கடலுக்கு அந்தப் பக்கம் மலைகளில் இருக்கிறவற்றையும் முன்னே ஒரே இனம் என்று நினைத்தார்களாம். குரலையும் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்து, இப்போது தனித்தனி இனமாகப் பிரித்துவிட்டார்களாம். குடும்பம் பெரிசு, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் இந்தியாவரைக்கும் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் சிசில் இந்தத் தீவில் மட்டும்தான் என்றாள். அன்றைக்கு முதலில் எழுந்து கைதட்டியது தெய்முதான். நம்ம பறவை உலகத்துல வேற எவனுக்கும் கிடையாது என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த வாயோடுதான் வந்து மருந்தும் அடித்திருக்கிறான்.

கல்லில் உட்கார்ந்தபடியே லித்துக் கணக்குப் போட்டாள். இஞ்சி நட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனை பேர் வேட்டைக்குப் போனார்கள்? கேளையாடு வந்தது, காட்டுப்பன்றி வந்தது, கல்யாணத்துக்குப் பறக்கும் அணில் வந்தது. ஒவ்வொருத்தனும் வந்து ஒரே பேச்சுத்தான் பேசினான், வலப்பக்கம் கூவுச்சு. எந்தக் குருவி கூவியது? இஞ்சியா கூவியது?

ஞாயிறு சபை முடிந்து எல்லோரும் அவள் வாசலுக்கு வந்தார்கள். கூமு புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். மசாவ் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். லித்துக் வெளியே வந்தாள். வார்த்தையைச் சொல்கிறேன், ஆனால் பறவை பேசிய இடத்தில் வந்து சொல்கிறேன் என்றாள். அதன் பேச்சை வைத்துத்தானே என்மேல் பழி, அதன் முன்னால்தான் சொல்வேன்.

தெய்மு வேண்டாம் என்றான். தூரம், வெயில், பன்றியை ஏற்ற வண்டி இல்லை என்று ஏதேதோ சொன்னான். மசாவ் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். முறையில் இதற்குத் தடை எதுவும் இல்லை என்று கடைசியில் சொன்னார். தெய்முவின் சின்ன லாரியிலேயே பன்றியை ஏற்றினார்கள்.

இஞ்சிக் காட்டின் விளிம்பில் எல்லோரும் வந்து நின்றார்கள். பெண்கள் பலர் இந்த இடத்தை இப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருத்தி, மூங்கில் எங்கே போச்சு என்று வாய்விட்டுக் கேட்டாள்.

"அத்தான்," என்று தெய்முவைப் பார்த்துச் சொன்னாள் லித்துக். "நீங்க நின்ன இடத்துல நில்லுங்க. அன்னைக்குக் கூவுன பறவை இன்னைக்கு ஒரே ஒரு தடவை கூவட்டும். எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. கூவுச்சுன்னா நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதைச் சொல்றேன்."

காத்திருந்தார்கள். ஆண்கள் பாக்கு மென்றார்கள். மென்று முடித்துத் துப்பிவிட்டுக் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். காற்றில் இஞ்சித்தழை அசைந்தது. லாரியில் பன்றி ஒருமுறை உறுமியது. ஒரு கிழவிக்குத் தும்மல் வந்து அடக்கிக்கொண்டாள்.

"உன்னாலதான் அது வாயை மூடிக்கிடக்கு," என்றான் தெய்மு. "தப்பு பண்ணவ இங்க நிக்கிறப்ப எப்படிப் பேசும்?"

"சரி அத்தான். நான் வேலிக்கு அந்தப் பக்கம் போயிடறேன்." போய்த் திரும்பி நின்றுகொண்டாள். பறவை அப்போதும் பேசவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பி வந்து நேராக மசாவ் முன்னால் நின்றாள்.

"பெரியவரே, போன மழைக்காலம் நீங்க கேளையாடு கொண்டு வந்தீங்க. எனக்குக்கூட ஒரு பங்கு குடுத்தீங்க. அன்னைக்கு எந்தப் பக்கம் கேட்டுச்சு?"

மசாவ் கத்தியைப் பார்த்தார், பன்றியைப் பார்த்தார். காலையில் இதே வாயால் ஜெபம் பண்ணியவர். சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"கேக்கல," என்றார் கடைசியில். "எனக்கு மட்டுந்தான் கேக்கலன்னு நெனச்சேன். வயசாயிடுச்சு, இல்ல நான் ஏதோ பாவம் பண்ணியிருக்கேன், அதான் எங்கிட்ட பேச மாட்டேங்குதுன்னு. மத்தவனுங்க எல்லாம் கேட்டுச்சுன்னு சொன்னானுங்களே."

பின்னால் நின்ற ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, தனக்கும் அப்படித்தான் என்றான். இன்னொருவன் தனக்கும் என்றான். போன மாதம் கல்யாணம் ஆனவன், கேட்கவில்லை என்று சொன்னால் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று பயந்து வலப்பக்கம் என்று சொல்லிவிட்டதாக முணுமுணுத்தான். இப்படியே ஒவ்வொருத்தனாக. எந்த ஊரில் இது நடக்கும்? பறவை இல்லாமல் போனதை ஒருத்தன்கூடப் பறவை இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை. அது தன்னிடம் மட்டும் பேச மறுக்கிறது என்று ஒவ்வொருத்தனும் வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை மறைக்க ஊரோடு சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறான். எல்லாரும் கேட்டதாய்ச் சொன்ன குரல் ஒருத்தன் காதிலும் விழவில்லை. அந்தக் குரலை நம்பித்தான் ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தினார்கள்.

எல்லாக் கண்ணும் தெய்மு பக்கம் திரும்பியது. அவன் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆகிவிட்டது.

"நான் விவசாயம் பண்ணக்கூடாதா?" என்றான். நேரமாக ஆக அவனுக்குத் தோள் தொங்கியது. கூமு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, சொல்லித் தொலை என்றாள். அவனும் சொன்னான். பறவையின் வீட்டை அழித்தது நான், கேட்காததைக் கேட்டதாய்ச் சொன்னது நான் என்று பன்றியின் முன்னால் நின்று சொன்னான். மசாவ் பன்றியை அறுத்தார். இறைச்சியைக் குடல், ஈரல், தோலோடு ஒரே அளவாகப் பிரித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தெய்மு சொன்னது லித்துக்குக்குப் போதவில்லை. போதாதது எது என்று அப்போது அவளுக்கே பிடிபடவில்லை.

மாலையில் கராவின் பங்கை அவித்து டப்பாவில் போட்டு, இருட்டில் ஸ்கூட்டர் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே போனில் வந்துவிட்டிருந்தது. கராவ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"எல்லாம் முடிஞ்சுதே," என்றான். "எனக்குந்தான் கேக்கல லித்துக். எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுப் பயந்துட்டேன். ஊர்ல எல்லாரும் சொன்ன பொய்தான."

அவள் டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்தாள்.

"அந்தப் பொய்யைப் பத்தி நான் கேக்கல," என்றாள். "நான் எதுவும் செய்யலன்னு உனக்குத் தெரியும்னு சொன்னியே. அதை ஏன் எங்கிட்ட மட்டும் சொன்ன?"

அவன் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தான். மெதுவாகப் பேசு என்று கண்ணால் காட்டினான்.

"அதான் அண்ணன் பன்றி குடுத்துட்டானே," என்றான்.

"அது பறவைக்குக் குடுத்த பன்றி. எனக்கு இன்னும் யாரும் குடுக்கல." அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கால் சரியானதும் ஒரு குட்டி வாங்கி நீயே வளரு. அது பெருத்ததும் ஊரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிஞ்சே அவளைப் பொய் சொல்லச் சொன்னேன்னு உன் வாயால சொல்லு. அதுவரைக்கும் நான் என் சோத்தை மட்டுந்தான் ஆக்குவேன்."

கராவ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். சாப்பிடவும் முடியவில்லை, மூடி வைக்கவும் முடியவில்லை. அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.